விதைக்கும் முன் விலை கொடுக்கும் குடும்பங்கள்

குடியானவருக்குப் பணம் தேவைப்படும் காலம் ஒன்று. அவர் கைக்குப் பணம் வந்து சேரும் காலம் மற்றொன்று. விதை, எரு, உழவு, கூலி முதலிய செலவுகள் யாவும் பருவத்தின் தொடக்கத்திலேயே நேரிடுகின்றன. வரும்படியோ விளைவு விற்ற பின்னரே கிடைக்கிறது. இடையிலுள்ள சில மாதங்களை எவருடைய பணத்தைக் கொண்டு கடப்பது என்பது எந்நாட்டு விவசாயிக்கும் உள்ள பழைய பிரச்னையாகும். அந்த மாதங்களில் பணம் கொடுத்து உதவுகிறவர் எவரோ, அவரே பெரும்பாலும் விளைவின் விலையையும் நிர்ணயிப்பவராகி விடுகிறார். நம் நாட்டில் 1904-ம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் கிராமங்களில் கூட்டுறவு நாணய சங்கங்கள் தோன்றியதற்கு இதுவே முக்கியமான காரணம் என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள்.

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் காய்கறித் தோட்டக்காரர் சிலர் இதே பிரச்னையை வேறொரு வழியில் தீர்க்க முற்பட்டனர். அவர்கள் வியாபாரியிடமும் பாங்கியிடமும் போகாமல், தங்கள் காய்கறியை உண்ணப்போகும் குடும்பங்களிடமே சென்றார்கள். விதை முளைப்பதற்கு முன்னரே அக்குடும்பங்கள் அவ்வாண்டின் விளைவில் தத்தம் பங்குக்குரிய பணத்தைக் கொடுத்துவிடுகின்றன. இம்முறைக்குச் சமூக ஆதரவு விவசாயம் என்று பெயர். விவசாயிகள் தாமே விற்கும் வாரச் சந்தைகளும் அதன் அருகில் நடைபெற்று வருகின்றன. இவ்விரண்டும் நடக்கும் விதத்தையும், அவற்றில் அநுகூலம் எது, குறை எது என்பதையும் இங்கே விளக்குவோம்.

பருவத் தொடக்கத்தில் சந்தை

மாஸசூஸெட்ஸ், வெர்மாண்ட், நியூ ஹாம்ப்ஷையர் ஆகிய மாநிலங்களில் குளிர்காலம் நீண்டது. நிலம் உறைந்து கிடக்கும். மலைப்பாங்கான இடங்களில் மே மாதத்தின் பிற்பகுதி வரையிலும் உறைபனி விழுவதுண்டு. ஆகவே தக்காளி, மிளகாய், கத்தரி முதலியவற்றின் நாற்றுகளைத் தோட்டக்காரர் குளிர்காலத்தின் இறுதியிலேயே கண்ணாடி வீட்டில் அல்லது பிளாஸ்டிக் கூடாரத்தில் வளர்த்து, பனி நின்ற பின் வயலில் நடுகிறார்கள். திறந்த வயலில் தக்காளி பழுப்பதற்கு ஜூலை இறுதி அல்லது ஆகஸ்டு மாதம் ஆகிவிடும். ஊர்ச் சந்தைகளோ பெரும்பாலும் மே மாதத்திலேயே கூடத் தொடங்குகின்றன.

முதல் சில வாரங்களில் சந்தைக்கு வருபவர் தக்காளியை எதிர்பார்த்து வந்தால் ஏமாந்து திரும்புவார். விஷயம் தெரிந்தவருக்கோ அப்போதுதான் சில அரிய பொருள்கள் கிடைக்கும். இலையுதிர்காலத்தில் விதைத்துக் கூடாரத்தின்கீழ் குளிர்காலத்தைக் கடந்த ஸ்பினாச் கீரை அவற்றுள் ஒன்று. குளிரைத் தாங்கும் பொருட்டு அக்கீரை தன் இலைகளில் சர்க்கரையைச் சேர்த்து வைத்துக்கொள்வதால், கோடைக் கீரையைவிட இனிப்பாயிருக்கும். பார்ஸ்னிப் என்னும் கிழங்கையும் குளிர்காலம் முழுவதும் மண்ணிலேயே விட்டுவைத்து வசந்தத்தில் தோண்டுவார்கள். குளிரினால் அதிலுள்ள மாவுச்சத்துச் சர்க்கரையாக மாறியிருக்கும். முள்ளங்கி, பச்சைப் பூண்டு, லெட்டூஸ் கீரை, பட்டாணித் தளிர், முட்டை, மேப்பிள் மரத்தின் பாகு ஆகியவையும் அக்காலத்துச் சரக்குகளே. ரூபார்ப் என்னும் செடியின் புளிப்பான தண்டையும் சர்க்கரை சேர்த்துச் சமைக்கிறார்கள். அதன் இலையில் ஆக்ஸாலிக் அமிலம் மிகுந்திருப்பதால் இலை விஷமாகும். தண்டு மாத்திரமே உணவுக்கு உதவும்.

நம் நாட்டுத் தண்ணீர்விட்டான் கொடியின் இனத்தைச் சேர்ந்த ஆஸ்பரகஸ் என்பது வசந்தத்தின் சிறப்பான பயிர். அதன் கிழங்கை நட்ட முதல் வருஷம் தளிரை அறுப்பதில்லை. இரண்டாம் வருஷத்திலும் வெகு சொற்பமாகவே அறுப்பார்கள். பொறுமையாகக் காத்திருந்தால் அதன்பின் 15 வருஷம் வரையிலும், அதற்கு மேலும் பலன் தரும். முதலில் செலவு, நெடுநாள் காத்திருத்தல், பிறகே வரவு என்னும் விவசாயத்தின் இயல்பை இப்பயிர் நன்கு எடுத்துக்காட்டுகிறது.

தோட்டக்காரருக்குச் சந்தைக்கு வரும் வண்டிச் செலவும், கடைக்குரிய கட்டணமும், ஒரு நாள் வேலையும் மே மாதத்திலும் ஆகஸ்டு மாதத்திலும் ஒன்றே. ஆனால் மே மாதத்தில் விற்கும் சரக்கு சொற்பம். விதைக்கும் கூலிக்கும் பணம் வேண்டியிருப்பதும் அப்போதுதான். ஆகஸ்டில் குவியலைக் கண்டு வருபவர் பலர். மே மாதத்தில் ஒரு கட்டுக் கீரைக்காக வருபவரின் பணம், அளவில் சிறிதாயினும், பயனில் பெரிது. அன்றியும், நாற்றுகளை விற்பதும் இக்காலத்து வருமானத்திற்கு ஒரு வழியாகும்.

சந்தையில் வாங்குபவர் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். விற்பவர் தாமே விளைவித்த பொருளைத்தான் விற்கிறாரா என்பதே அது. நியூயார்க் நகரத்தில் 1976-ம் வருஷம் தொடங்கிய கிரீன்மார்க்கெட் என்னும் சந்தைகளில், தாம் விளைவித்ததை மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனை உண்டு. எல்லாச் சந்தைகளிலும் அவ்வளவு கண்டிப்பு இல்லை. குளிர் நாட்டில் மே மாதத்தில் ஒருவர் தக்காளியைக் குவித்து வைத்திருந்தால், அது சூடேற்றிய கண்ணாடி வீட்டில் விளைந்ததாயிருக்கலாம். மொத்த வியாபாரியிடம் வாங்கி வந்ததாயும் இருக்கலாம். எங்கே, எப்படி விளைந்தது என்று கேட்பதில் தவறில்லை. உண்மையில் பயிரிட்டவர் மகிழ்ச்சியுடன் பதில் சொல்லுவார். பருவத்தை அறிந்தவரை ஏமாற்றுவது அரிது.

பங்கு முறை தோன்றிய விதம்

ஜப்பானில் பூச்சி மருந்துகளுக்கு அஞ்சிய தாய்மார்கள் விவசாயிகளுடன் நேரடியாக உடன்பாடு செய்துகொண்டு பாலும் காய்கறியும் பெறலானார்கள். ஒத்துழைப்பு என்று பொருள்படும் தெய்கெய் என்ற சொல் இம்முறைக்குப் பெயராயிற்று. 1971-ம் வருஷம் ஜப்பானிய இயற்கை விவசாயச் சங்கத்தை நிறுவிய இச்சிராகு தெருவோ என்பவர் விவசாயக் கூட்டுறவு இயக்கத்தில் நெடுங்காலம் உழைத்தவர் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

அமெரிக்காவில் இம்முறை ஐரோப்பாவிலிருந்து பரவிய கருத்துகளைக் கொண்டு தோன்றியது. மாஸசூஸெட்ஸ் மாநிலத்துத் தெற்கு எக்ரெமாண்ட் என்னும் ஊரில் இண்டியன் லைன் என்ற தோட்டத்தின் சொந்தக்காரியான ராபின் வான் என் என்பவரும், ஸ்விட்ஸர்லாந்தில் இம்முறையைக் கண்டு வந்த யான் வாண்டர் டூயின் என்பவரும், வேறு சிலரும் சேர்ந்து 1985-ம் வருஷம் ஆப்பிள் பங்குகளை விற்றுப் பார்த்தார்கள். மறு வருஷம் காய்கறிப் பங்குகளைத் தொடங்கினார்கள். அதே 1986-ம் வருஷத்தில் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் டெம்பிள்-வில்டன் சமூகத் தோட்டமும் ஆரம்பமாயிற்று. இவ்விரு தோட்டங்களிலிருந்து பரவிய முறையை, 2015-ம் வருஷத்தில் அந்நாட்டு அரசாங்கம் எடுத்த கணக்கின்படி 7,398 பண்ணைகள் கையாண்டு வந்தன.

பங்கைக் கணக்கிடும் முறை

குளிர்காலத்தில் தோட்டக்காரர் வரும் ஆண்டின் செலவுக் கணக்கைத் தயாரிக்கிறார். விதை, எரு, கருவிகள், கூலி, குத்தகை, வரி ஆகியவற்றுடன் தமது குடும்பத்தின் ஜீவனத்திற்கு வேண்டியதையும் அதில் சேர்க்கிறார். அந்தத் தொகையைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பங்கின் தொகை கிடைக்கும். உதாரணமாக, மொத்தச் செலவு 60,000 டாலர் என்றும், 100 குடும்பங்கள் சேர்ந்திருக்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு பங்கு 600 டாலர் ஆகும். ஜூன் முதல் அக்டோபர் வரை 20 வாரம் காய்கறி கொடுக்கப்பட்டால் வாரத்துக்கு 30 டாலர் வீழ்கிறது. பொதுவாக ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் பங்குப் பணம் செலுத்தப்படும்.

வாரந்தோறும் குறித்த நாளில் அவரவர் பங்கைத் தோட்டத்திலோ ஊரில் ஓரிடத்திலோ பெற்றுக்கொள்கிறார்கள். ஜூன் மாதத்துப் பெட்டியில் கீரையும் முள்ளங்கியும் தவிர அதிகம் இராது. ஆகஸ்டு மாதத்தில் பெட்டி கனக்கும். ஜூன் மாதத்துப் பெட்டியை மட்டும் எடைபோட்டுப் பார்த்து நஷ்டம் என்று எண்ணுபவர் இம்முறையைச் சரியாக அறியாதவர். அறுவடை முடிந்தபின் மொத்தமாகவே கணக்குப் பார்க்க வேண்டும்.

டெம்பிள்-வில்டன் தோட்டத்தின் ஏற்பாடு இன்னும் சிறிது வேறுபட்டது. அங்கே பங்குக்கு ஒரே விலை என்பது இல்லை. ஆண்டுதோறும் கூடும் கூட்டத்தில் வரவு செலவுத் திட்டம் அங்கத்தினர்முன் வைக்கப்படுகிறது. ஒவ்வொருவரும் தம்மால் கொடுக்க இயலும் தொகையை ஒப்புக்கொள்கிறார்கள். கூட்டிப் பார்க்கையில் தேவையான தொகை சேராவிடில், கூடுதலாகக் கொடுக்கக் கூடியவர் கொடுக்கும்படி மீண்டும் ஒரு முறை கேட்கப்படுகிறது. கொடுத்தது குறைவாயினும் அதிகமாயினும், காய்கறி பெறுவது தேவைக்கேற்பவே. சங்கத்தின் மகாசபையில் வரவு செலவுத் திட்டத்தை விவாதித்துப் பழகிய அங்கத்தினர்களுக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது.

இரு வகை முன்பணம்

வியாபாரியும் முன்பணம் கொடுக்கிறார். பங்குக் குடும்பமும் முன்பணம் கொடுக்கிறது. இரண்டும் பருவத்தின் தொடக்கத்திலேயே கொடுக்கப்படுகின்றன. ஆயினும் இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை பெரிது.

வியாபாரியின் முன்பணம் கடன். விளைந்தாலும் விளையாவிட்டாலும் அது தீர வேண்டும். அதற்கு ஈடாக விளைவு முழுவதும் அவருடைய மண்டிக்கே செல்ல வேண்டியதாகிறது. எடையும் அவருடையது, விலையும் அவருடையது, தரகும் அவருடையது. மழை பொய்த்தால் நஷ்டம் குடியானவருடையது. விலை ஏறினால் லாபம் மண்டிக்காரருடையது.

பங்குக் குடும்பத்தின் முன்பணமோ கடனன்று. அது விளைவில் ஒரு பாகத்தின் விலை. விளைவு பெருகினால் பெட்டி நிறையும். குறைந்தால் பெட்டியும் குறையும். பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. அதாவது, இயற்கையினால் நேரும் நஷ்டத்தைத் தோட்டக்காரர் ஒருவரே தாங்காமல், உண்பவர் பலரும் சேர்ந்து சிறிது சிறிதாகத் தாங்குகிறார்கள். இம்முறையின் உயிர்நாடி இதுவே.

இது வெறும் பேச்சன்று என்பதற்கு வெர்மாண்ட் மாநிலத்துப் பர்லிங்டன் நகரத்தை அடுத்த இண்டர்வேல் சமூகத் தோட்டம் சான்றாகும். 1990-ம் வருஷத்தில் தொடங்கிய அத்தோட்டம், 2008-ம் வருஷத்தில் உண்பவர்களையே அங்கத்தினராகக் கொண்ட கூட்டுறவு ஸ்தாபனமாக மாறியது. வினூஸ்கி ஆற்றின் கரையிலுள்ள வளமான வண்டல் நிலம் அது. வளத்தைக் கொண்டுவரும் ஆறே வெள்ளத்தையும் கொண்டுவரும். 2011-ம் வருஷம் ஆகஸ்டு மாத இறுதியில் ஐரீன் என்னும் புயலால் ஆறு பெருகி, அறுவடைக்கு நின்ற வயல்கள் மூழ்கின. வெள்ள நீர் பட்ட காய்கறியை உணவாக விற்கலாகாது என்பது அந்நாட்டு விதி. ஆகவே நீர் வடிந்த பின்னும் அப்பயிர்கள் வீணே. 2023-ம் வருஷம் ஜூலை மாதத்திலும் அப்பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. இத்தகைய ஆண்டில், சந்தையை மட்டும் நம்பிய தோட்டக்காரருக்கு விற்கச் சரக்கில்லை. ஆகவே வரும்படியும் இல்லை. பங்குப் பணத்தை முன்னதாகப் பெற்ற தோட்டத்திற்கோ, செய்த செலவுக்கேனும் கையில் பணம் இருந்திருக்கும்.

முறையின் குறைகள்

இம்முறையில் குறைகள் இல்லாமலில்லை. அவற்றை மறைத்துப் புகழ்வது அங்கத்தினர்களுக்கு உதவாது.

முதலாவது, பருவம் முழுமைக்கும் உரிய பணத்தைக் குளிர்காலத்திலேயே கொடுப்பது ஏழைக் குடும்பங்களுக்கு எளிதன்று. அந்நாட்டில் ஏழைகளுக்கு அரசாங்கம் வழங்கும் உணவு உதவியைப் பங்குக்குச் செலுத்த 2014-ம் வருஷத்து விவசாயச் சட்டம் வழி செய்தது. ஆனால் காய்கறி கிடைக்கும் நாளுக்கு 14 நாள்களுக்கு மேல் முன்னதாக அப்பணத்தைப் பெறலாகாது என்ற விதி உண்டு. ஆகவே ஏழைகள் பங்கு பெறலாம். அவர்களுடைய பணம் விதைப்புச் செலவுக்கு உதவாது. சில தோட்டங்கள் தவணை முறையில் பணம் பெற்று இக்குறையை ஓரளவு போக்குகின்றன.

இரண்டாவது, அங்கத்தினர் நிலைத்திருப்பதில்லை. தாம் விரும்பியதை வாங்கிப் பழகியவருக்கு, விளைந்ததைப் பெற்றுக்கொள்வது சலிப்பைத் தருகிறது. வாரந்தோறும் ஒரே கீரை வந்தால் மறு வருஷம் விலகிவிடுகிறார்கள். 2020-ம் வருஷத்துக் கொள்ளைநோய்க் காலத்தில் பங்குகளுக்குப் போட்டியிட்டவர்களுள் பலர் பிறகு நீடிக்கவில்லை. வருஷந்தோறும் புதியவரைத் தேடுவதே தோட்டக்காரருக்கு ஒரு தொழிலாகிவிடுகிறது.

மூன்றாவது, தோட்டக்காரர் தமது உழைப்புக்குரிய கூலியைக் கணக்கில் குறைத்துப் போடுவது வழக்கமாயிருக்கிறது. அங்கத்தினர் விலகுவரோ என்ற அச்சத்தினால் பங்குத் தொகையைக் குறைவாக வைக்கிறார்கள். அப்போது உண்பவருக்கு லாபம். நஷ்டம் முழுவதும் உழைப்பவருக்கே.

நான்காவது, பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளும் வியாபாரிகள் தோன்றுகிறார்கள். பல இடங்களில் காய்கறியை மொத்தமாக வாங்கிப் பெட்டியில் அடைத்து, பங்கு முறை என்று விளம்பரம் செய்கிறார்கள். கலிபோர்னியா மாநிலம் 2013-ம் வருஷத்தில் சட்டமொன்று இயற்றி, பெட்டியிலுள்ள ஒவ்வொரு பொருளும் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்பதை அங்கத்தினருக்கு அறிவிக்க வேண்டும் என்று விதித்தது இதன் பொருட்டே.

நம் கிராமங்களுக்கு இதனால் தெரிய வருவது

தரகர் பிடியிலிருந்து விலகுவதற்கு நம் நாட்டிலும் முயற்சிகள் நெடுநாளாக நடைபெற்றுள்ளன. உருளைக்கிழங்கு பயிரிட்டோர் மேட்டுப்பாளையத்து மண்டிகளையே நம்பியிருந்த நிலையை மாற்றும் பொருட்டு, 1935-ம் வருஷத்தில் நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் நிறுவப்பட்டது. விவசாயிகளே நேரில் விற்கும் உழவர் சந்தை 1999-ம் வருஷம் நவம்பர் 14-ம் தேதி மதுரையில் முதன்முதலாகத் திறக்கப்பட்டது. விவசாயிகளுக்கு அடையாள அட்டை, கட்டணமின்றிக் கடை, தராசு, பலகையில் எழுதி அறிவிக்கப்படும் அன்றாட விலை ஆகிய ஏற்பாடுகள் அதில் செய்யப்பட்டன. மொத்த விலையைவிடச் சற்று அதிகமாகவும், சில்லறை விலையைவிடச் சற்றுக் குறைவாகவும் விலை வைப்பதால் விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் அநுகூலம் உண்டு.

ஆயினும் மூன்று காரியங்களைப் பிரித்து நோக்க வேண்டும். விதைப்புக் காலத்தில் பணம் கிடைப்பது ஒன்று; விற்கும்போது நியாய விலை கிடைப்பது ஒன்று; விளைவு பொய்த்தால் நஷ்டத்தைப் பங்கிட்டுக்கொள்ள ஆள் இருப்பது ஒன்று. நாணய சங்கம் முதலாவதைச் செய்கிறது. விற்பனைச் சங்கமும் உழவர் சந்தையும் இரண்டாவதைச் செய்கின்றன. மூன்றாவதை இவற்றுள் எதுவும் தானாகச் செய்வதில்லை. சங்கத்தில் வாங்கிய கடனும், பயிர் அழிந்தாலும், கடனே. பங்கு முறையின் விசேஷம், இம்மூன்றையும் ஒரே ஏற்பாட்டில் அடக்க முயல்வதாகும்.

அந்நிய நாட்டு முறையை அப்படியே எடுத்து நடுவது பயன்படாது. நம் ஊர்களில் காய்கறி ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. வீட்டுக்கு வீடு தெருவில் வந்து விற்பாரும் உண்டு. ஆறு மாதச் செலவை முன்னதாகக் கொடுக்கக் கூடிய குடும்பங்கள் சிலவே. ஆயினும் நகரத்தை அடுத்த கிராமங்களில் கீரை, காய்கறி பயிரிடும் அங்கத்தினர் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, சிறிய அளவில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். நகரத்துப் பண்டகசாலைச் சங்கம் இருப்பின், அதன் அங்கத்தினருள் விருப்பமுள்ளவரிடம் பேசலாம். பருவம் முழுவதற்கும் அன்றி, ஒரு மாதத்துக்குரிய பணத்தை மட்டும் முன்னதாகப் பெற்றுத் தொடங்குவது நலம்.

அவ்வாறு தொடங்குவோர் சில நியமங்களை விடாது கைக்கொள்ள வேண்டும். செலவுக் கணக்கை விதைப்பதற்கு முன் எழுத வேண்டும். அதில் குடும்பத்தார் செய்யும் வேலைக்கும் கூலி போட வேண்டும். எந்த மாதத்தில் எந்தக் காய் கிடைக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தம் வயலில் விளையாததை வாங்கிச் சேர்த்தால், அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். பூச்சியாலோ மழையாலோ விளைவு குறைந்தால், பங்குதாரர் கேட்கும் முன் தாமே சொல்ல வேண்டும். கணக்குப் புத்தகம் எவர் கேட்டாலும் காட்டக் கூடியதாயிருக்க வேண்டும். நஷ்டத்தில் பங்கு கொள்ளும்படி ஒருவரைக் கேட்பவர், தமது கணக்கை அவரிடமிருந்து மறைக்கலாகாது.

நகரத்து வீட்டாரும் தம் பாகத்தை உணர வேண்டும். விளைவு குவிந்து விலை சரிந்த பிறகு வாங்க வருவது அவர்களுடைய சிக்கனத்திற்கு உதவும். அதனால் வயல் பிழைக்காது. விதைக்கும் காலத்தில் முன்னதாகக் கொடுக்கப்படும் பத்து ரூபாய், அறுவடைக் காலத்தில் பேரம் பேசிக் கொடுக்கப்படும் இருபது ரூபாயைவிடக் குடியானவருக்கு உதவியாயிருக்கக் கூடும். அந்தப் பத்து ரூபாய் அவருக்கு மண்டிக்குப் போகாமலிருக்கும் சுதந்திரத்தைத் தருகிறது. அச்சுதந்திரத்தை உண்டாக்கவே கூட்டுறவு சங்கங்கள் ஏற்பட்டன என்பதை நினைவில் கொண்டு, அடுத்த விதைப்புக்கு முன் கூடும் மகாசபையில் அங்கத்தினர்கள் இதைப்பற்றி யோசிப்பார்களாக.